கொல்ல முடியாத செல்லின் கணக்கு

ஒரு லட்சத்தில் மூன்று. நோயுற்ற செல்லைக் கொல்லும் முடிவு இந்த விகிதத்திலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. நம் உடலின் பெரும்பாலான செல்கள், தமக்குள் உருவாகும் புரதங்களின் துணுக்குகளை எம்எச்சி முதல் வகை எனப்படும் தாங்கிப் புரதங்களில் ஏற்றி வெளிச்சவ்வில் காட்டியபடி இருக்கின்றன. ஒரு செல்லில் இத்தகைய தாங்கிகள் ஏறத்தாழ 1,00,000 இருக்கும். அவற்றில் அந்நியத் துணுக்கை ஏந்தியவை 3 மட்டுமே இருந்தாலும் நோயெதிர்ப்பு மண்டலத்தின் கொல்லி டி-செல் அந்தச் செல்லைக் கொன்றுவிடும் என்பதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் டேவிஸ் குழு 2004-இல் காட்டியது. இரு செல்களுக்கும் இடையே முழுமையான இணைப்பு உருவாக 10 துணுக்குகள் வேண்டும். கொல்ல 3 போதும். சதவீதக் கணக்கில் 0.003.

இவ்வளவு சொற்பச் சான்றில் செயலில் இறங்கும் செல், நஞ்சையும் சொற்பமாகவே வைத்திருக்கிறது. தூண்டப்பட்ட கொல்லி டி-செல்லின் விட்டம் சுமார் 10 மைக்ரோமீட்டர். கொள்ளளவு ஏறக்குறைய 524 கன மைக்ரோமீட்டர். நச்சு நிறைந்த நுண்பை ஒன்றின் விட்டத்தை 0.4 மைக்ரோமீட்டர் என்று கொண்டால், அதன் கொள்ளளவு 0.034 கன மைக்ரோமீட்டர். ஒரு செல்லில் 50 நுண்பைகள் இருப்பதாக வைத்துக்கொண்டாலும் மொத்தம் 1.7 கன மைக்ரோமீட்டர்தான். ஆயுதக் கிடங்கு முழுவதும் செல்லின் கொள்ளளவில் 0.32 சதவீதம்.

அதிலும் முழுதாகச் செலவாவதில்லை. டி-செல்லைப் போலவே நஞ்சு ஏந்தும் இயற்கைக் கொல்லி செல்களில் நுண்பைகள் ஒவ்வொன்றாக வெளியேறுவதை நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்த 2018-ஆம் ஆண்டின் ஆய்வு, ஓர் இலக்கை வீழ்த்த 2 முதல் 4 நுண்பைகள் போதும் என்றும், சில வேளைகளில் 1 மட்டுமே போதும் என்றும் கண்டது. முன் பத்தியின் 50 என்ற எண்ணோடு ஒப்பிட்டால் ஒரு கொலைக்கான செலவு கையிருப்பில் 4 முதல் 8 சதவீதம். ஒரே செல் அடுத்தடுத்து பல இலக்குகளைத் தாக்க முடிவதற்கு இந்தச் சிக்கனம் ஒரு காரணமாக இருக்கலாம்.

நுண்பைக்குள் இருப்பவற்றில் முதன்மையானவை இரண்டு. ஒன்று பெர்ஃபோரின், 67 கிலோடால்டன் எடையுள்ள, துளை போடும் புரதம். மற்றது கிரான்சைம் என்ற புரதம் வெட்டும் நொதிகளின் குடும்பம். மனிதரில் இவை 5, எலியில் 10. இவற்றைச் செர்கிளைசின் என்ற புரதம் பிடித்து வைத்திருக்கிறது. 2020-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மைக்கேல் டஸ்டின் குழு, கொல்லி டி-செல்கள் சுமார் 120 நானோமீட்டர் விட்டமுள்ள உறைபோட்ட நச்சுத் துகள்களாகவும் இவற்றை வெளியிடுவதை விவரித்தது. அத்துகள்களில் கண்டறியப்பட்ட புரத வகைகள் 285-க்கும் மேல்.

பெர்ஃபோரின் போடும் துளையின் அளவைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். சுமார் 22 பெர்ஃபோரின் மூலக்கூறுகள் வளையமாகக் கூடி, இலக்கு செல்லின் சவ்வில் பதிகின்றன. வளையத்தின் உள்விட்டம் சுமார் 16 நானோமீட்டர். பரப்பு 201 சதுர நானோமீட்டர். இரத்தத்தில் உலவும் நிரப்புப் புரதங்களும் இதே போன்ற துளை போடும். அதில் சி9 என்ற புரதத்தின் 18 மூலக்கூறுகள் சேர்ந்து, சுமார் 11 நானோமீட்டர் உள்விட்டமுள்ள, ஏறத்தாழ 95 சதுர நானோமீட்டர் பரப்புள்ள வாயைத் திறக்கின்றன. பெர்ஃபோரின் வாய் அதைவிட 2.1 மடங்கு பெரிது. 32 கிலோடால்டன் எடையுள்ள கிரான்சைம்-பி, உருண்டை வடிவப் புரதம் என்ற கணக்கில் சுமார் 4.2 நானோமீட்டர் விட்டம் கொண்டது. 16-ஐ 4.2-ஆல் வகுத்தால் 3.8. நொதி தாராளமாக நுழைய இடம் உண்டு.

ஆனால் செல்லின் பரப்போடு ஒப்பிட்டால் இத்துளை ஏறக்குறைய ஒன்றுமில்லை. 15 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள இலக்கு செல்லின் மேற்பரப்பு 707 சதுர மைக்ரோமீட்டர். ஒரு துளை அதில் 35 லட்சத்தில் ஒரு பங்கு. ஓர் ஏக்கர் நிலத்தில் 11.5 சதுர சென்டிமீட்டர், அதாவது தீப்பெட்டியின் மேல்முகத்தைவிடச் சிறிய இடம். 100 துளைகள் விழுந்தாலும் 35,000-இல் ஒரு பங்குதான் திறந்திருக்கும். செல்லை உடைத்துச் சிதறடிக்க இது போதாது; நொதியை உள்ளே விடப் போதும்.

அந்த வாயும் நெடுநேரம் திறந்திருப்பதில்லை. டி-செல்லுக்குள் கால்சியம் அளவு திடீரென உயர்வதைத் தொடக்கமாகக் கொண்டு மெல்போர்னின் பீட்டர் மக்கல்லம் புற்றுநோய் மையத்தினர் 2013-இல் நேரம் குறித்தனர். சுமார் 30 விநாடியில் இலக்கின் சவ்வில் துளை விழுகிறது. இலக்கு செல் தன் சவ்வை அடைத்துக்கொள்ள எடுக்கும் நேரம் சுமார் 80 விநாடி. துளை விழுந்த 2 நிமிடத்துக்குள் அது உருண்டு சுருங்கத் தொடங்குகிறது. செல் தன் காயத்தை ஆற்றிக்கொண்டுவிட்டது. ஆனால் கிரான்சைம் உள்ளே போய்விட்டது. கிரான்சைம்-பி அங்கே காஸ்பேஸ்-3 போன்ற புரதங்களை வெட்டி, செல்லின் சொந்தத் தற்கொலை இயந்திரத்தை முடுக்கிவிடுகிறது. அதன் பிறகு சவ்வு அடைபட்டிருப்பதால் பயனில்லை.

கொல்லும் செல் தன் நஞ்சால் தான் மடியாமல் இருப்பதற்கும் எண்கள் உண்டு. நுண்பைக்குள் அமிலத்தன்மை பிஎச் 5.5 அளவில் இருக்கிறது, வெளியே 7.4. ஹைட்ரஜன் அயனிச் செறிவில் இது 79 மடங்கு வேறுபாடு. அந்த அமிலத்தில் பெர்ஃபோரின் செயல்படாது. அதற்குக் கால்சியமும் தேவை. செல்லுக்குள் கால்சியம் லிட்டருக்குச் சுமார் 100 நானோமோல், வெளியே 1.2 மில்லிமோல், அதாவது 12,000 மடங்கு. நுண்பை திறந்த அந்தக் கணத்தில்தான் இரண்டு நிபந்தனைகளும் ஒருசேர நிறைவேறுகின்றன. வெளியான பெர்ஃபோரின் திரும்பித் தாக்காதபடி கொல்லி செல்லின் சவ்வில் கொழுப்பு மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதாக 2019-இல் வந்த ஆய்வு கூறுகிறது.

ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் சில நிமிடங்களில் முடியும் வேலை, உயிருள்ள உடலில் எவ்வளவு நடக்கிறது? எலிகளின் நிணநீர் முடிச்சுகளை நேரடியாகப் படம்பிடித்த 2016-ஆம் ஆண்டு ஆய்வின் விடை: ஒரு கொல்லி டி-செல் ஒரு நாளில் 2 முதல் 16 வைரஸ் தொற்றிய செல்களைக் கொல்கிறது. ஒரு கொலைக்கு 10 நிமிடம் என்று தாராளமாக ஒதுக்கினாலும், 16 கொலைக்கு 160 நிமிடம். 1,440 நிமிடமுள்ள நாளில் 11.1 சதவீதம். 2 கொலை என்றால் 1.4 சதவீதம். ஆகவே மிச்ச நேரத்தில் பெரும்பகுதி தேடுதலிலும், பலன் தராத தொடுதல்களிலும் போகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட டி-செல்கள் தொட்ட இலக்குகளே அதிகம் மடிந்தன என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. புற்றுநோய்ச் செல்களை வைத்து 2021-இல் ஆய்வாளர் பீட்டர் ஃப்ரீடலின் குழு செய்த கணக்கும் இதற்கு ஒத்துப்போகிறது. ஒரே அடியில் சாகாத செல், சுமார் ஒரு மணி நேரத்துக்குள் அடுத்தடுத்த அடிகள் விழுந்தால் சாகிறது. இடைவெளி நீண்டால் தேறிவிடுகிறது.

எனவே எண்ணிக்கை பெருக வேண்டும், பெருகவும் செய்கிறது. எலிகளுக்கு எல்சிஎம்வி என்ற வைரஸைச் செலுத்தும் சோதனைகளில், அதன் ஒரு குறிப்பிட்ட துணுக்கை அறியும் டி-செல்கள் தொடக்கத்தில் 100 முதல் 200 வரையே இருக்கும். 8-ஆம் நாளில் மண்ணீரலில் மட்டும் அவை ஏறத்தாழ 1 கோடி. 150-இல் தொடங்கினால் இது 66,667 மடங்கு, அதாவது 16 இரட்டிப்புகள். விழித்தெழ ஒரு நாளைக் கழித்தால் 168 மணி நேரம் மிஞ்சும், இரட்டிப்புக்கு 10.5 மணி. நாளுக்கு 2 முதல் 16 என்ற விகிதத்தை இந்த 1 கோடியோடு பெருக்கினால் 2 கோடி முதல் 16 கோடி வரை வரும். வேறொரு வைரஸில் எடுத்த விகிதம் என்பதால், உடலின் கொல்திறன் எந்த அளவில் இருக்கும் என்பதைக் காட்ட மட்டுமே இந்தப் பெருக்கல் உதவும். தொற்று தணிந்ததும் இந்த 1 கோடி டி-செல்களில் 5 முதல் 10 சதவீதம், அதாவது 5 லட்சம் முதல் 10 லட்சம் வரை நினைவுச் செல்களாக மிஞ்சுகின்றன. மற்றவை மடிகின்றன.

இதுவரை சொன்னது வரவுப் பக்கம். இக்கட்டுரை எழுதக் காரணமான எண் செலவுப் பக்கத்தில் இருக்கிறது. அது 5.

2015-இல் அதே மெல்போர்ன் மையத்தினர், பெர்ஃபோரின் இல்லாத கொல்லி செல்கள் இலக்கைச் சந்திக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்த்தனர். அந்தச் செல்லால் இலக்கை அடையாளம் காண முடிகிறது, ஒட்டிக்கொள்ள முடிகிறது, நுண்பைகளை இணைப்புமுனைக்குக் கொண்டுவரவும் முடிகிறது. கொல்ல முடிவதில்லை. கொல்லாமல் விலகவும் முடிவதில்லை. இலக்கோடு ஒட்டியிருக்கும் நேரம் 5 மடங்காகிறது. காரணத்தையும் அவர்கள் கண்டனர்: விலகுவதற்கான சமிக்ஞை, மடிந்துகொண்டிருக்கும் இலக்கு செல்லின் காஸ்பேஸ் நொதிகளின் செயலிலிருந்தே வருகிறது. இலக்கு மடியவில்லை என்றால் சமிக்ஞை இல்லை.

முன்பு போட்ட கணக்கையே திரும்பப் போடலாம். 10 நிமிடம் 50 நிமிடமாகிறது. நாளுக்கு 16 சந்திப்பு என்றால் 800 நிமிடம், நாளில் 55.6 சதவீதம். கொலை எண்ணிக்கை பூஜ்யத்தை நெருங்குகிறது. ஒட்டியிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் டி-செல் இன்டர்ஃபெரான் காமா முதலான அழற்சித் தூதுப் புரதங்களைச் சுரந்தபடி இருக்கிறது. அவை மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்களைத் தூண்டுகின்றன. அவையும் தம் பங்குக்குச் சுரக்கின்றன. ஆகவே நஞ்சு குறைந்த உடல் சாந்தமாக இருப்பதில்லை, கொதிக்கிறது. நோயெதிர்ப்பு ‘பலவீனம்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் இந்தக் கொதிப்பு கண்ணில் படாமல் போய்விடுகிறது. இத்தகைய பழுதோடு பிறக்கும் குழந்தைகளைக் கொல்லும் நோயோ இந்தக் கொதிப்புதான்.

இந்நோயின் பெயர் நீளமானது: ஹீமோஃபாகோசைடிக் லிம்ஃபோஹிஸ்டியோசைட்டோசிஸ், சுருக்கமாக எச்எல்எச். குடும்ப வழியில் வரும் வகையை 1952-இல் மருத்துவர்கள் ஃபார்குவாரும் கிளாரோவும் முதன்முதலில் பதிவு செய்தனர். பெர்ஃபோரின் மரபணுவின் பழுது ஒரு காரணம் என்பது 1999-இல் தெரிந்தது. இடையே 47 ஆண்டுகள். பின்னர் 2003, 2005, 2009 ஆகிய ஆண்டுகளில் மேலும் 3 மரபணுக்கள் அடையாளம் காணப்பட்டன. இந்த 4-இல் 1 மட்டுமே நஞ்சைச் சார்ந்தது. மற்ற 3, நுண்பையைச் சவ்வோடு சேர்த்துத் திறக்கும் புரதங்களுக்கு உரியவை. நஞ்சு நிறைந்திருந்தும் வாசல் திறக்காவிட்டால் விளைவு ஒன்றுதான்.

சுவீடனில் இந்நோயின் அளவு ஆண்டுக்கு 10 லட்சம் குழந்தைகளில் 1.2, பிறப்புக் கணக்கில் சுமார் 50,000-க்கு 1. பெரும்பாலும் முதல் வயதுக்குள் தலைகாட்டும். சிகிச்சையின்றி விட்டால் உயிர்வாழ்வின் இடைநிலை அளவு சுமார் 2 மாதம்.

கண்டறிதலும் எண்களால்தான். எச்எல்எச்-2004 எனும் சர்வதேச அளவுகோலில் 8 அறிகுறிகள். 5 இருந்தால் நோய் எனக் கொள்ளப்படும். காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல், தட்டணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 1,00,000-க்குக் கீழ், ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 9 கிராமுக்குக் கீழ், இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டின் புரதம் லிட்டருக்கு 500 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல், வீங்கிய மண்ணீரல் முதலியன அதில் அடங்கும். தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழ் என்பது நம் ஊரில் டெங்கு வார்டுகளில் அன்றாடம் கேட்கும் செய்தி. தனியாக அது எதையும் உறுதி செய்யாது. ஃபெரிட்டின் 500 என்பதும் பல தொற்றுகளில் எட்டும் அளவே. 10,000-ஐத் தாண்டினால் கதை வேறு. குழந்தைகளிடம் நடத்திய 2008-ஆம் ஆண்டு ஆய்வில், அந்த எல்லை எச்எல்எச் நோயாளிகளில் 90 சதவீதத்தினரைப் பிடித்தது. நோய் இல்லாதோரில் 96 சதவீதத்தினரைச் சரியாக விலக்கியது.

இந்நோய் ஒடுங்கு மரபு வழிப்பட்டது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட பிரதி வந்தால்தான் குழந்தைக்கு நோய். இங்கே தமிழ்நாட்டின் ஒரு புள்ளிவிவரத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுத் திருமணங்களில் 28 சதவீதம் சொந்தத்துக்குள் நடந்தவை. இந்திய அளவில் 11 சதவீதம். ஒரு பழுதுபட்ட மரபணு மக்களிடையே 1,000-க்கு 3 என்ற விகிதத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உறவில்லாத பெற்றோரின் குழந்தைக்கு இரு பழுதுகளும் சேரும் வாய்ப்பு சுமார் 1,11,000-இல் 1. அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் பொதுப் பாரம்பரிய விகிதம் 16-இல் 1. வாய்ப்பு 5,100-இல் 1 ஆகிறது. தாய்மாமன், அக்காள் மகள் திருமணத்தில் விகிதம் 8-இல் 1. வாய்ப்பு 2,600-இல் 1. முதலாவது 22 மடங்கு, இரண்டாவது 43 மடங்கு. இது கணித விளக்கம். மாநிலத்தின் நோய் எண்ணிக்கையாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. 5,100-இல் 1 என்பதும் 0.02 சதவீதம்தான். ஆனால் ஒரு குழந்தைக்கு நோய் வந்துவிட்ட வீட்டில் கணக்கு அடியோடு மாறுகிறது: அடுத்த ஒவ்வொரு பிறப்பிலும் 25 சதவீதம். அடுத்த இரு குழந்தைகளும் தப்பும் வாய்ப்பு 56 சதவீதம். அந்தப் பெற்றோருக்கு மரபணு ஆலோசனை கிடைத்தாக வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பழுது எங்கே என்று அறிய இரு சோதனைகள் உள்ளன. ஒன்றில், குழந்தையின் இரத்தத்திலுள்ள கொல்லி செல்களுக்குள் பெர்ஃபோரின் இருக்கிறதா என்று நிறமேற்றிய எதிர்ப்புரதம் கொண்டு பார்க்கிறார்கள். மற்றதில், இயற்கைக் கொல்லி செல்களை கே562 என்ற இரத்தப்புற்றுச் செல்களோடு ஒரு குழாயில் சில மணி நேரம் சேர்த்து வைக்கிறார்கள். நுண்பை திறக்கும்போது அதன் உட்சவ்விலிருந்த சிடி107ஏ என்ற புரதம் செல்லின் வெளிப்பரப்புக்கு வந்துவிடும். வந்தால் வாசல் திறந்தது, வராவிட்டால் திறக்கவில்லை. செல்களின் கொல்திறனை நேரடியாக அளக்கும் பழைய சோதனை, மரபுவழிப் பழுதுள்ளோரில் 59.5 சதவீதத்தினரையே இனங்கண்டது. இவ்விரு சோதனைகளும் சேர்ந்து 96.6 சதவீதத்தினரை இனங்கண்டதாக 2017-இல் வெளியான ஒப்பீடு சொல்கிறது. 100 குழந்தைகளில் 37 பேர் என்பது சிறிய வேறுபாடன்று.

சிகிச்சைக் கணக்கு மெதுவாகவே முன்னேறியிருக்கிறது. எட்டோபோசைடு, டெக்சாமெத்தசோன் மருந்துகளையும் எலும்புமஜ்ஜை மாற்றையும் சேர்த்த எச்எல்எச்-94 திட்டத்தில் 249 நோயாளிகள். 5 ஆண்டு உயிர்வாழ்வு 54 சதவீதம். அடுத்த எச்எல்எச்-2004 திட்டத்தில் 369 பேர், 61 சதவீதம். மஜ்ஜை மாற்றுக்கு முன்பே இறந்தோர் 27 சதவீதத்திலிருந்து 19 சதவீதமாகக் குறைந்தனர். நோய் கண்டறிந்த நாளிலிருந்து மாற்றுக்கான காத்திருப்பு 148 நாளிலிருந்து 122 நாளாகச் சுருங்கியது. ஏழு புள்ளி ஏற்றம் தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்பதைப் புள்ளியியல் மறுக்கவில்லை. திசை மட்டும் சரியாக இருக்கிறது. 2018 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எமபலுமாப், இன்டர்ஃபெரான் காமாவை மட்டும் கட்டிப்போடும் மருந்து. பிற சிகிச்சைகளுக்குப் பணியாத 27 பேரில் 17 பேருக்கு, அதாவது 63 சதவீதத்தினருக்கு அது பலன் தந்தது. கொதிப்பை அடக்குவதே உயிரைக் காக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று இல்லை. ஆனால் இது காத்திருக்கும் நாட்களுக்கான மருந்து. மரபணுப் பழுது அப்படியே இருக்கும்.

பழுதை நீக்குவது மஜ்ஜை மாற்றுதான். அதற்கு முன் நோயாளியின் சொந்த மஜ்ஜையை அழிக்க வேண்டும். அழிக்கும் மருந்தே பல குழந்தைகளைக் கொன்றது. அமெரிக்காவின் சின்சினாட்டியில் 40 நோயாளிகளை ஒப்பிட்டு 2010-இல் வெளியான ஆய்வில், முழு வீரிய அழிப்பு பெற்றோரின் 3 ஆண்டு உயிர்வாழ்வு 43 சதவீதம். வீரியம் குறைத்த முறையில் 92 சதவீதம். இதற்கு ஒரு விலை உண்டு. தானம் தந்தவரின் செல்களும் நோயாளியின் பழைய செல்களும் கலந்து நிற்கும் நிலை முதல் முறையில் 18 சதவீதத்தினருக்கு ஏற்பட்டது. இரண்டாவதில் 65 சதவீதத்தினருக்கு.

கலப்பு ஆபத்தா? 2013-இல் பெர்ஃபோரின் இல்லாத எலிகளில் சோதித்தபோது, பெர்ஃபோரின் உள்ள செல்கள் 10 முதல் 20 சதவீதம் இருந்தாலே நோய் வரவில்லை. 2016-இல் மனித நோயாளிகளின் தரவிலிருந்து கிடைத்த எல்லை 20 முதல் 30 சதவீதம். பத்தில் மூன்று செல்கள் கொல்லத் தெரிந்தவையாக இருந்தால், மற்ற ஏழும் ஒட்டிக்கொண்டு நிற்க இலக்கே மிஞ்சாமல் போவதுதான் காரணமாக இருக்க வேண்டும். எனவே மாற்று முடிந்த குழந்தைகளிடம் தானச் செல்களின் சதவீதத்தை மருத்துவர்கள் தொடர்ந்து அளக்கிறார்கள். 100-ஐ எட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. அது 30-ஐ நோக்கி இறங்கத் தொடங்கினால், தானம் தந்தவரின் லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளணுக்களை மீண்டும் ஒருமுறை செலுத்துவது உண்டு.